கம்பெனிக்கு எதற்குக் குடியுரிமை?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ‘குடியுரிமை’ என்று சொன்னால் என் அம்மாவின் தலைமுறைக்கு நீல ஐ.சி., அதாவது குடிமக்களுக்கான நீல அடையாள அட்டைதான் நினைவுக்கு வரும். சிவப்பு அட்டைக்காரர் இங்கே இருக்கலாம், உழைக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரர் ஆகமாட்டார். 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை பார்க்க பெர்மிட் எடுக்க வேண்டும் என்றானது. பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டிக் கப்பலேறின. அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் அப்படி ஒரு கனம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ‘நிறுவனக் குடியுரிமைத் திட்டம்’ என்று ஒரு பேனர் தொங்கியது. முன்வரிசையில் பேரனோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, “ஏன் தம்பி, கம்பெனிக்கும் ஐ.சி. கிடைக்கலையா?” என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான், அவருக்குச் சொல்ல என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை என்பது உறைத்தது. மேடையில் இருந்தவர்களிடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

பசார் காப்பிக்கடையில் இதைப் பற்றி மூன்று கருத்துகள் உலவுகின்றன. “சட்டப்படி கம்பெனி லாபத்தில் 2 சதவீதம் கொடுத்தே ஆகணும்.” “கொடுக்கிறதெல்லாம் டேக்ஸ்ல திரும்பி வந்துடும், அவனுக்கு என்ன நட்டம்?” “பை கொடுப்பான், போட்டோ எடுப்பான், போயிடுவான், அவ்வளவுதான்.” முதலாவது வேறு நாட்டுச் சட்டம். இரண்டாவது கணக்குத் தப்பு. மூன்றாவது பாதி உண்மை, அந்தப் பாதிதான் எனக்கு வருத்தம்.

நான் கணக்காளன் அல்ல. ஈப்போவில் ஓர் ஆடிட் நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகள் அலுவலக எழுத்தராக இருந்தேன். இப்போது பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குப் பொருளாளர். கொடுக்கிற இடத்திலும் வாங்குகிற இடத்திலும் உட்கார்ந்து பார்த்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

கோத்தோங் ரோயோங் நாளில் நான்கு பேர்

ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங். எல்லாரும் சேர்ந்து சாக்கடையைச் சுத்தம் செய்து, பொது மண்டபத்துக்குச் சாயம் அடிக்கிறார்கள்.

முதல் வீட்டுக்காரர் வரவில்லை. ஆனால் வீட்டு வரியைத் தவணை தவறாமல் கட்டுபவர், குப்பையைத் தொட்டியில்தான் போடுவார், யாருக்கும் தொல்லை இல்லை. இரண்டாம் வீட்டுக்காரர் இரண்டு பெட்டி 100 பிளஸ் பானம் வாங்கி வந்து இறக்கினார். படம் எடுக்கும்வரை நின்றார், கிளம்பினார். மூன்றாமவர் எலக்ட்ரீஷியன். மண்டபத்து வயரிங்கைத் திறந்து பார்த்து, “இது ஒரு நாள் வேலை இல்லை” என்றார். அடுத்த இரண்டு ஞாயிறும் வந்து முடித்துக் கொடுத்தார். நான்காமவர் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். அன்றைக்கு நூறு பேருக்கு நாசி லெமாக் கொடுத்தார். அந்தச் சாக்கடை அடைத்துக்கொண்டதே அவர் கடை எண்ணெயால்தான்.

இந்த நால்வரையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எளிது. நிறுவனக் குடியுரிமை என்பது ஒரு நிறுவனத்தையும் ஊரில் குடியிருக்கும் ஒரு வீட்டைப் போலப் பார்ப்பது. சொந்தக் காலில் நிற்கிறதா, சட்டத்தை மதிக்கிறதா, சட்டம் கண் வைக்காத இடத்திலும் நியாயமாக நடக்கிறதா, ஊருக்குத் தன் பங்கைச் செய்கிறதா என்ற நான்கு கேள்விகளும் சேர்ந்ததுதான் அது. அமெரிக்கப் பேராசிரியர் ஆர்ச்சி கேரல் 1991-இல் இதை நான்கு தட்டுக் கோபுரமாக வரைந்தார். அடித்தட்டு பிழைப்பு, அதற்கு மேல் சட்டம், அதற்கு மேல் அறம், உச்சியில் கொடை. உச்சித் தட்டு மட்டுமே போட்டோவில் விழும் என்பதால், அது ஒன்றுதான் குடியுரிமை என்று ஊர் நினைத்துக்கொண்டது. நாசி லெமாக் கொடுத்தவர் படத்தில் நன்றாகத்தான் விழுந்திருப்பார்.

இதுவரை சொன்னது: குடியுரிமை என்பது நன்கொடைக்கு இன்னொரு பெயர் அல்ல. நன்கொடை அதன் கடைசிப் பகுதி.

தோட்டத்துப் பள்ளிக்கூடம் தர்மமா, சட்டமா?

“துரை பார்த்துப் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தாரு” என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டே வளர்ந்தோம். துரை, அதாவது தோட்ட நிர்வாகி, நல்லவராக இருந்திருக்கலாம். ஆனால் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டங்கள் பள்ளி வைக்க வேண்டும் என்று சொன்னது. அதற்கு முன்பே 1912-இலும் இதே போக்கில் விதிகள் இருந்தன. அதாவது அந்தப் பள்ளிக்கூடம் இரண்டாம் தட்டு, சட்டம். நாம் அதை நான்காம் தட்டாக எண்ணி, தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டுவிட்டோம்.

பல தோட்டங்கள் அந்தச் சட்டத்தையும் எவ்வளவு குறைத்துச் செய்ய முடியுமோ அவ்வளவு குறைத்துத்தான் செய்தன. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்துப் பக்கம் ஒரு கொட்டகை, எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ (தோட்ட எழுத்தர்) கங்காணியோ வாத்தியார். பள்ளி இருந்தால் குடும்பம் தோட்டத்தைவிட்டு நகராது என்ற கணக்கும் முதலாளிகளுக்கு இருந்தது.

ஆனாலும் அந்தக் காலத் தோட்டத்தில் உண்மையான நான்காம் தட்டு ஒன்று இருந்தது, அதற்கு யாரும் பேனர் கட்டவில்லை. மாலையில் கிராணி வீட்டுத் திண்ணையில் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். ஊருக்குக் கடிதம், சம்பளப் பிடித்தத்துக்கு மனு, பிறப்புப் பத்திரம், பிறகு குடியுரிமை விண்ணப்பம். எல்லா கிராணியும் அப்படி இல்லை, சிலர் காசு வாங்கினார்கள், சிலர் துரையிடம் போட்டுக் கொடுத்தார்கள். இருந்தாலும் பகலில் கம்பெனிக்கு விற்ற அதே எழுத்தறிவை மாலையில் இலவசமாகக் கொடுத்த மனிதர்கள் இருந்தார்கள். நீல அட்டை வாங்கிய பல குடும்பங்களின் கதையில் அப்படி ஒரு திண்ணை இருக்கும்.

இந்தக் கட்டுரைக்கு அந்தத் திண்ணைதான் சாவி.

சரக்கே இல்லாத கடை

ஆடிட் நிறுவனம், வழக்கறிஞர் அலுவலகம், வரி ஆலோசகர், பொறியியல் ஆலோசனை நிறுவனம் எல்லாவற்றுக்கும் சேர்த்து நிபுணத்துவச் சேவை நிறுவனம் என்று பெயர். அவர்களுக்குத் தொழிற்சாலை இல்லை, கிடங்கு இல்லை. செம்பனை ஆலை எண்ணெய் விற்கிறது, பிஸ்கட் கம்பெனி பிஸ்கட் விற்கிறது. இவர்கள் விற்பது படித்த ஆளின் நேரம்.

நிறுவனத்தின் உரிமையாளர்கள் பெரும்பாலும் அங்கேயே வேலை பார்க்கும் கூட்டாளிகள்தான். (ஆங்கிலத்தில் ‘பார்ட்னர்’. தமிழில் ‘பங்காளி’ என்று எழுதினால் நமக்கு நிலத் தகராறு ஞாபகம் வந்துவிடும்.) இத்தகைய நிறுவனங்கள் பெரும்பாலும் பங்குச் சந்தையில் இல்லை, வெளிப் பங்குதாரர்களும் இல்லை. ஒவ்வொரு ஊழியரும் எத்தனை மணி நேரத்தை வாடிக்கையாளருக்காகச் செலவிட்டார், அதற்கு எவ்வளவு பில் போடலாம் என்பதில்தான் அவர்கள் பிழைப்பு இருக்கிறது. அப்படிப் பில் போடக்கூடிய மணிக்குக் கட்டண மணி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

பிஸ்கட் கம்பெனி பள்ளிக்குப் பிஸ்கட் கொடுத்தால் அது தன் சரக்கைக் கொடுக்கிறது. ஆடிட் நிறுவனம் பள்ளிக்குப் புத்தகப் பை கொடுத்தால், அது கடையில் வாங்கிய யாரோ ஒருவருடைய சரக்கைக் கொடுக்கிறது. அதன் சொந்தச் சரக்கு இன்னும் அலுவலகத்திலேயே இருக்கிறது.

சொந்தச் சரக்கைக் கொடுக்கிற வழக்கத்துக்கு வழக்கறிஞர்கள் நெடுங்காலமாக புரோ போனோ என்ற லத்தீன் சொல்லை வைத்திருக்கிறார்கள். பொதுநன்மைக்காகக் கட்டணமில்லாமல் செய்யும் தொழில்முறை வேலை என்று பொருள். மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் ஒவ்வோர் உறுப்பினரும் ஆண்டுக்கு 100 ரிங்கிட் போட்டு, பலர் தங்கள் நேரத்தையும் போட்டு நடப்பவை. கல்வித் துறையில் இதன் நெருங்கிய உறவை நம்மவர்கள் நன்றாக அறிவார்கள். 1982-இல் டான் ஸ்ரீ டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் அது. பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களும் படித்து முடித்தவர்களும் வார இறுதியில் வந்து, தங்களுக்குத் தெரிந்த பாடத்தைத் தோட்டப்புறப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே கொடுக்கப்பட்டதும் நேரம்தான்.

சுருக்கமாக: பொருள் விற்கும் கம்பெனிக்குக் கொடை பொருள். நேரம் விற்கும் கம்பெனிக்குக் கொடை நேரம். மற்றதெல்லாம் இரண்டாம் வீட்டுக்காரரின் 100 பிளஸ்.

டைம்ஷீட்டில் ஒரு வரி

வெளியே தெரியாத இயந்திரம் இங்கேதான் இருக்கிறது. நான் எழுத்தராக இருந்தபோது மாதக் கடைசியில் என் மேசைக்கு வந்து குவிந்தது அதுதான்: டைம்ஷீட். ஒவ்வோர் ஊழியரும் தன் நாளைத் துண்டு போட்டு எழுதும் நேரப் பதிவேடு. காலை 9 முதல் 12 வரை இந்த வாடிக்கையாளர், மதியம் அந்த வாடிக்கையாளர், ஒரு மணி நேரம் பயிற்சி. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஆண்டு முடிவில் மொத்த மணியில் கட்டண மணி எத்தனை விழுக்காடு என்று பார்ப்பார்கள். போனஸ், பதவி உயர்வு எல்லாவற்றிலும் அந்த விழுக்காட்டுக்கு ஒரு பங்கு உண்டு.

இப்போது ஓர் இளம் ஆடிட்டர் புதன்கிழமை மதியம் மூன்று மணி நேரம் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று மணியை அவர் டைம்ஷீட்டில் எந்த எண்ணில் எழுதுவார்?

‘சமூகப் பணி’ என்று ஓர் எண் இருந்து, அதில் எழுதிய மணிகள் அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் குறையாகத் தெரியாமல் இருந்தால், அந்த நேரத்தைக் கொடுத்தது நிறுவனம். உதாரணத்துக்கு மணிக்கு 200 ரிங்கிட் பில் போடக்கூடியவர் என்றால், அன்று நிறுவனம் 600 ரிங்கிட் வருமானத்தைப் பள்ளிக்காக விட்டுக் கொடுத்திருக்கிறது. அப்படி ஓர் எண் இல்லையென்றால் இரண்டு வழிதான். அவர் விடுப்பு எடுத்து வரவேண்டும், அல்லது சனிக்கிழமை தன் ஓய்வில் வரவேண்டும். அப்போது கொடுத்தவர் அந்த இளம் ஆடிட்டர். நிறுவனம் கொடுத்தது டி-சட்டை.

நிறுவனங்களின் சமூகப் பணியைப் பற்றி எத்தனையோ பளபளப்பான அறிக்கைகளைப் பார்த்துவிட்டேன். அவற்றில் இந்த ஒரு வரியைத்தான் தேடுவேன். ‘எங்கள் ஊழியர்கள் 50 பேர் பங்கேற்றார்கள்’ என்று இருக்கும். அலுவலக நேரத்திலா, சொந்த நேரத்திலா என்று இருக்காது. யாராவது வந்து உங்கள் பள்ளிக்கு உதவுகிறோம் என்றால் தயங்காமல் கேளுங்கள்: “உங்கள் டைம்ஷீட்டில் இதற்கு நம்பர் உண்டா?” கேள்வியைக் கேட்டதும் வந்திருக்கும் இளைஞர்களின் முகத்தைப் பாருங்கள். பதில் அங்கேயே தெரிந்துவிடும்.

நிறுவனம் ஏன் இதையெல்லாம் செய்ய வேண்டும்? தூய அன்பு மட்டும் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல பட்டதாரிகள் வேலைக்கு வரவேண்டும். பெரிய வாடிக்கையாளர்கள் “நீங்கள் சமூகத்துக்கு என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்கிறார்கள். பதினோரு வயதுப் பிள்ளைக்கு வட்டிக் கணக்கைப் புரியவைத்துவிட்ட ஆடிட்டர், அடுத்த வாரம் எந்த முதலாளிக்கும் எதையும் புரியவைத்துவிடுவார். லாபம் சம்பாதிப்பதுதான் தொழிலின் ஒரே சமூகப் பொறுப்பு என்று பொருளாதார அறிஞர் மில்ட்டன் ஃபிரீட்மன் 1970-இல் வாதாடினார். இப்படிப் பார்த்தால் இதெல்லாம் லாபத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. எனக்கு அதில் புகார் இல்லை. நோக்கம் கலப்படமாக இருக்கட்டும், பாடம் சுத்தமாக இருந்தால் போதும்.

“எல்லாம் டேக்ஸ்ல திரும்பி வந்துடும்”

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இங்கே புரிந்துகொள்ள வேண்டிய சொல் வரிக்கழிவு. வரி போடும் முன் வருமானத்திலிருந்து ஒரு தொகையைக் கழித்துக்கொள்ள விடுவது. கட்ட வேண்டிய வரியிலிருந்தே கழிப்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்தப் பேச்சே வருகிறது.

ஒரு கம்பெனியின் வருமானம் 10 லட்சம் ரிங்கிட். கம்பெனி வரி 24 விழுக்காடு. கட்ட வேண்டியது 2,40,000.

அது 50,000 ரிங்கிட் நன்கொடை கொடுக்கிறது. வாங்கியவர் 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்பு. இப்போது வருமானம் 9,50,000 என்று ஆகிறது. வரி 2,28,000. மிச்சம் ஆனது 12,000.

அதாவது 50,000 கொடுத்ததில் திரும்பியது 12,000. மீதி 38,000 கம்பெனியின் சொந்தப் பணம். கொடுத்தால் லாபம் என்பது எந்தக் கணக்கிலும் வராது.

இதற்கும் வரம்பு உண்டு. இப்படிக் கழிக்கும் தொகை கம்பெனியின் மொத்த வருமானத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அந்தப் பிரிவு பேசுவது பணமாகக் கொடுப்பதைப் பற்றி, பையையும் சைக்கிளையும் பற்றி அல்ல. வாங்கும் அமைப்புக்கு உள்நாட்டு வருவாய் வாரியத்தின் அங்கீகாரமும் இருக்க வேண்டும். ஊர்ச் சங்கங்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. “ரசீது கொடுத்துட்டோமே” என்பார்கள். அங்கீகாரம் இல்லாத ரசீது நன்றிக் கடிதத்துக்குச் சமம். ஒரு கம்பெனி நம் சங்கத்தை விட்டுவிட்டுக் கோலாலம்பூரில் உள்ள ஓர் அறவாரியத்துக்குக் கொடுத்தால், அதற்குப் பின்னால் பாரபட்சம் இருக்க வேண்டும் என்பதில்லை, இந்த ரசீதே காரணமாக இருக்கலாம்.

நேரத்துக்கு? சும்மா கொடுத்த மணிக்குப் பில் போடவில்லை, எனவே வருமானம் இல்லை, எனவே அதற்கு வரியும் இல்லை, கழிவும் இல்லை. ஆக, நேரம் கொடுப்பதில்தான் வரிச் சலுகை ஆசை மிகக் குறைவு. இதையும் காப்பிக்கடைக்குச் சொல்லி வைக்கலாம்.

2 சதவீதம் எந்த ஊர்ச் சட்டம்?

இதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. அது இந்தியச் சட்டம். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு. குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு நாம் அதை இங்கே இறக்குமதி செய்துவிட்டோம்.

மலேசியாவில் அப்படிக் கட்டாயத் தொகை கிடையாது. 2006-இல் புர்சா மலேசியா, அதாவது நம் பங்குச் சந்தை, ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. சுற்றுச்சூழல், பணியிடம், சமூகம், சந்தை என நான்கு துறைகளைச் சொன்னது. பட்டியலில் உள்ள கம்பெனிகள் என்ன செய்தன என்பதை ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும் என்ற விதியும் வந்தது. கட்டாயம் சொல்வதற்குத்தான், கொடுப்பதற்கு அல்ல. அந்த விதிப்படி ‘எதுவும் செய்யவில்லை’ என்றுகூட அப்போது எழுத முடிந்தது. ஆடிட், சட்ட நிறுவனங்கள் பங்குச் சந்தையிலேயே இல்லை என்பதால் அந்த விதியும் அவர்களைத் தொடாது. அவர்கள் செய்வது, சொல்வது இரண்டுமே விருப்பத்தின் பேரில்தான். ஆகவே ‘சட்டப்படி எங்களுக்குச் சேர வேண்டியது’ என்ற தோரணையில் கடிதம் எழுதாதீர்கள். ஆடிட் நிறுவனத்தில் இருந்தபோது அப்படி வந்த ஒரு கடிதத்தை நான் பிரித்திருக்கிறேன். அலுவலகமே சேர்ந்து படித்துச் சிரித்தது. எழுதியவர்கள் நம் ஊர்க்காரர்கள் என்பதால் எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

தலை எண்ணுவது

பெரிய நிறுவனங்களின் இலக்குகளைப் பார்த்தால் தலை சுற்றும். உலகப் பெரிய ஆடிட் நிறுவனங்களில் ஒன்றான ஈ.ஒய். 2018-இல் தொடங்கிய ‘ரிப்பிள்ஸ்’ திட்டம், 2030-க்குள் 100 கோடிப் பேர் வாழ்வில் நல்ல மாற்றம் என்று இலக்கு வைத்தது. அத்தனை பெரிய எண்ணைக் கேலி செய்வது எளிது, நான் செய்யப்போவதில்லை. ஆனால் ‘மாற்றம்’ என்பதை எப்படி எண்ணுகிறார்கள் என்ற கேள்வி சின்ன ஊருக்கும் உண்டு.

இரண்டு சொற்கள் போதும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பை கொடுத்தோம் என்பது எண்ணிக்கை. வந்தவர்களால் முன்பு முடியாத எது இப்போது முடிகிறது என்பது பலன். எண்ணிக்கையை அன்றே எழுதிவிடலாம். பலன் தெரிய ஓராண்டாவது ஆகும், யாராவது திரும்பி வந்து பார்க்கவும் வேண்டும்.

பாட்டி என்னிடம் ஐ.சி. கேள்வி கேட்ட அன்று நடந்தது இது. கோலாலம்பூரிலிருந்து ஒரு பேருந்து நிறைய ஆட்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். இரண்டு மணி நேர ஊக்கப் பேச்சு, நடுவில் பலூன் விளையாட்டு, கடைசியில் பை. ‘பெரிதாகக் கனவு காணுங்கள்’ என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கள் பிள்ளைகளுக்குக் கனவுக்குப் பஞ்சமில்லை. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டு எந்தப் படிவத்தை எந்தத் தேதிக்குள் எங்கே அனுப்புவது என்பதில்தான் பஞ்சம். பிறகு வந்த அறிக்கையில் ‘180 மாணவர்கள் பயன்பெற்றனர்’ என்று இருந்தது. அன்றைக்குப் பள்ளிக்கு வந்திருந்த பிள்ளைகள் மொத்தம் 180. பாலர் வகுப்பில் தூங்கிக்கொண்டிருந்த ஐந்து வயதுப் பையனும் அதில் ஒருவன்.

கோயில் திருவிழாவில் பத்தாம் நாள் உபயத்துக்கு நான் நீ என்று போட்டி இருக்கும். தினப்படி விளக்கெண்ணெய்க்கு ஆள் தேட வேண்டியிருக்கும். பள்ளிகளுக்கு வரும் கம்பெனி உதவியும் பெரும்பாலும் பத்தாம் நாள் உபயமாகவே இருக்கிறது.

எழுதியவரே திருத்தக் கூடாது

ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நிபுணத்துவ நிறுவனத்தின் முதல் குடியுரிமைக் கடமை பள்ளிக்கூடத்தில் இல்லை, அதன் சொந்த மேசையில் இருக்கிறது. ஆடிட்டர் ‘கணக்கு சரி’ என்று கையெழுத்துப் போட்டால், அதை நம்பி வங்கி கடன் கொடுக்கிறது, சேமநிதி முதலீடு செய்கிறது. சேமநிதியில் இருப்பது செம்பனைக் குலை சுமந்தவரின் பணமும்தான்.

பெரும் பண மோசடியில் சிக்கிய அரசாங்க முதலீட்டு நிறுவனமான 1எம்.டி.பி.யின் கணக்குகளை வெவ்வேறு ஆண்டுகளில் ஆடிட் செய்த டெலாய்ட்டும் கே.பி.எம்.ஜி.யும் 2021-இல் மலேசிய அரசாங்கத்தோடு சமரசத் தீர்வுக்கு வந்தன. டெலாய்ட் தர ஒப்புக்கொண்டது 8 கோடி அமெரிக்க டாலர், கே.பி.எம்.ஜி. 33 கோடியே 30 லட்சம் ரிங்கிட். இரண்டு நிறுவனங்களுக்கும் நல்ல சமூகத் திட்டங்கள் இருக்கின்றன, அவற்றில் உண்மையாக உழைக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். கோபுரத்தின் நான்காம் தட்டு மூன்றாம் தட்டுக்கு ஈடாகாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இதே காரணத்தால்தான் சில உதவிகளை அவர்கள் மறுப்பார்கள், மறுக்கவும் வேண்டும். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கை ஆடிட் செய்யும் நிறுவனத்திடம் போய், “அப்படியே கணக்குப் புத்தகத்தையும் எழுதிக் கொடுங்க, தர்மமா நினைச்சு” என்று கேட்டால் முடியாது என்பார்கள். பரீட்சை எழுதியவரே தாளைத் திருத்தக் கூடாது. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சுயேச்சை. திமிர் என்று நினைத்துக் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எழுதக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்கலாம், அதற்குத் தடை இல்லை.

கணக்கு நமக்கு அந்நியமும் அல்ல. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், எங்கள் ஊரில் பிறந்து அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி (இன்றைய ரிங்கிட்) என்று கட்டிப் பங்கு சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். பத்து வெள்ளிக்கு ரசீது கேட்டு வாங்கி, தகர டிரங்குப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று சம்பளச் சீட்டைப் பார்க்காமலே கசக்கிப் போடுகிறார்கள்.

அப்படியானால் என்ன கேட்பது?

மேலே சொன்ன பேருந்து போன பிறகு நாங்கள் கடிதம் எழுதும் விதத்தை மாற்றினோம். பொருள் பட்டியலை எடுத்துவிட்டோம். இரண்டு பேர், மாதம் ஒரு சனிக்கிழமை, மூன்று மணி நேரம், ஒரு வருடம் என்று எழுதினோம். டிசம்பரில் ஆண்டுக் கணக்கை முடிக்கும் கம்பெனிகள் ஏராளம். பங்குச் சந்தைக் கம்பெனிகள் நான்கு மாதத்துக்குள் ஆண்டறிக்கை கொடுக்க வேண்டும். அதனால் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை எந்த ஆடிட்டரும் வீட்டில்கூட இருக்கமாட்டார். எனவே மே மாதத்துக்குப் பிறகு வந்தால் போதும் என்றும் எழுதினோம். இந்த ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டுத்தான் பதில் போட்டதாக ஈப்போவில் ஒரு சின்ன நிறுவனத்துக் கூட்டாளி பிறகு சொன்னார். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரம், பேருந்து பிடிக்கத் தேவையில்லை.

என்ன சொல்லிக் கொடுப்பது என்று அவர்கள் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு அல்ல, முதலில் பெற்றோருக்கு என்றோம். பாடம் ஒன்றே ஒன்று: சம்பளச் சீட்டைப் படிப்பது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. அந்தச் சம்பளத்தில் சேமநிதிக்குத் தொழிலாளியின் 11 விழுக்காடு, 187 ரிங்கிட் பிடிப்பார்கள். முதலாளி தன் பங்குக்கு 13 விழுக்காடு, 221 ரிங்கிட் சேர்க்க வேண்டும். பிடித்த 187 எல்லாருக்கும் தெரியும், கையில் குறைகிறதே. சேர வேண்டிய 221 உண்மையிலேயே கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தவர்கள், முதல் வகுப்புக்கு வந்த இருபத்து மூன்று பேரில் நான்கு பேர்.

வந்த இரண்டு ஆடிட்டர்களில் ஒரு பெண், பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. கரும்பலகையை விட்டுவிட்டு அம்மாக்களோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். கைப்பேசியில் சேமநிதிக் கணக்கைத் திறப்பது எப்படி என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காட்டினார். ஐந்து மணிக்கு முடிய வேண்டியது ஆறரை ஆனது. அந்தக் கூடுதல் ஒன்றரை மணியை டைம்ஷீட்டில் எழுதினாரா என்று நான் கேட்கவில்லை. முதல் மூன்று மணிக்கு நம்பர் உண்டு என்று முன்பே கேட்டு வைத்திருந்தேன்.

அடுத்த வகுப்புக்குப் பள்ளி வாசலில் நாங்கள் ஒட்டிய அறிவிப்பு இப்படி இருந்தது:

‘சம்பளச் சீட்டு வகுப்பு, இரண்டாம் சனிக்கிழமை, மாலை 3 மணி. கடந்த மூன்று மாதச் சீட்டுகளைக் கொண்டு வரவும். பெயர் இருக்கும் இடத்தை மடித்துக்கொள்ளலாம். பை கொடுக்கப்படமாட்டாது. தேநீர் உண்டு.’